மேய்ச்சலுக்குப் போன குதிரைகள்

எங்கள் பாசோ ஓந்தோவில் பந்தயக் குதிரை சாவதே கிடையாது. மேய்ச்சலுக்குப் போய்விடும். கால் போனால் மேய்ச்சல், மூச்சு போனால் மேய்ச்சல், வயதானால் மேய்ச்சல். வடக்கே பிரேசில் எல்லைப் பக்கம் குதிரைப் பந்தயக் கிளப்பின் தலைவர் தோன் எல்பியோ லரோசாவின் மைத்துனருக்கு ஒரு பண்ணை இருக்கிறதாம். ஓடை ஓடுகிறதாம், நிழலுக்கு மரம் இருக்கிறதாம். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அங்கே எப்படி இருக்கிறதுகள் என்று கேட்டவரும் இல்லை. அதே குதிரைகள் ஜெயித்தபோது தொண்டை கிழியக் கத்திய ஊர்தான் இது.

என் கடைக்கு நேர் எதிரே கிளப்பின் லாயம். லாயத்தோடு ஒட்டிய இரண்டு அறைகளில் அதேமாரும் அவன் மனைவி ஸுல்மாவும் இருந்தார்கள். அதேமார் குதிரை பார்ப்பவன். குதிரை கிளப்புடையது, லாயம் கிளப்புடையது, அறைகளும் கிளப்புடையவை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு முதுகுவலி ஒன்றுதான் இருந்தது. விடியுமுன் எழுந்து குதிரையை ஆற்றோரம் நடத்திக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் நான்கு காலுக்கும் குழாய்த் தண்ணீர் விட்டு, குளம்பில் ஒட்டிய மண்ணைக் கிளறி எடுத்து, ஓட்ஸைப் புடைத்துத் தூசி போக்கி வைப்பான். குதிரைமசால் தீவனக் கட்டைப் பிரித்தால் முதலில் தன் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பான். பூஞ்சை வாடை அடித்தால் கட்டோடு தூக்கி எறிந்துவிட்டு, அதற்காகத் தோன் எல்பியோவிடம் ஏச்சும் வாங்கிக்கொள்வான். பிள்ளை இல்லாதவன், அதனால்தான் குதிரைமேல் இவ்வளவு பாசம் என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளை இருந்தாலும் அவன் அப்படித்தான் இருந்திருப்பான். பாசம் வைப்பதற்குக்கூட ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

அந்த வருடக் குதிரை ஒரு செவலை. ஒலிபெருக்கியில் அதன் பெயர் பாம்பெரோ. தெற்கிலிருந்து திடீரென்று அடிக்கும் குளிர்காற்றின் பெயர் அது. விலா எலும்பை எண்ணலாம் போல ஒல்லியாக இருக்கும். அதேமார் அதைக் குண்டன் என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் பக்கத்து நெடும்பந்தயம் தொண்ணூறு கிலோமீட்டர். முக்கால்வாசித் தூரத்தில் ஓய்வுக்கு நிறுத்துவார்கள். கால்நடை மருத்துவர் வந்து குதிரையின் நெஞ்சில் கை வைத்து, காலைத் தடவிப் பார்த்து அனுப்புவார். நவம்பரில் நடந்த கடைசிப் பந்தயத்தில் அந்த ஓய்வின்போதே குண்டன் இடது முன்னங்காலைத் தரையில் அழுத்தி வைக்கவில்லை. அதேமார் பார்த்தான், சொன்னான். மருத்துவர் யோசித்தார். தோன் எல்பியோ அவர் தோளில் கை போட்டுக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மருத்துவருக்கு யோசனை தீர்ந்திருந்தது. மீதித் தூரத்தை அந்தப் பிராணி மூன்று காலில் ஓடி முதலாவதாக வந்தது. அன்று கிளப்பில் விருந்துக்கு இரண்டு மாடு சுட்டார்கள். இங்கே லாயத்தில் அதேமார் வாளியில் பனிக்கட்டியைப் போட்டு அந்தக் காலை அதற்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நரம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்து வீங்கியிருந்தது.

இனி ஓடாது என்றார் மருத்துவர். ஆனால் ஆறு மாதம் ஓய்வு கொடுத்தால் நடக்கும், மேயும், இன்னும் பதினைந்து வருடம் சுகமாக இருக்கும் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதைக் கிளப்பில் யாரும் காதில் வாங்கவில்லை.

டிசம்பரில், எங்கள் பக்கம் வெயில் காலம் ஏறும் நேரத்தில், தோன் எல்பியோ வந்தார். வண்டியிலிருந்து இறங்கவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை. நான் கடை வாசலில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"அதேமார், பாம்பெரோ உழைச்சது போதும்ப்பா. வியாழக்கிழமை லாரி வருது. மேய்ச்சலுக்கு அனுப்பிடலாம்."

"கால் இன்னும் ஆறலயே தோன் எல்பியோ. அவ்வளவு தூரம் லாரியில நிக்குமா?"

"நிக்கும், நிக்கும். வழக்கம்போல வாலை மட்டும் ஒட்ட நறுக்கிடு. அங்க முள்ளுச்செடி ஜாஸ்தி, வால்ல சிக்கிக்கும்."

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதேமார் அன்று மாலையே கத்திரிக்கோலை எடுத்து வாலை நறுக்கி, முடியைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தான். கிளப் காவல்காரன் வந்து எடுத்துக்கொண்டு போவது வழக்கம்.

மறுநாள் மழை. மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாவைப் பிசைந்து தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கொழுப்பில் பொரிப்பார்கள். அந்த வாசனைக்காகவே நான் கடையைச் சாத்திவிட்டு ஸுல்மாவின் அடுப்படிக்குப் போனேன். அவள் பல வருடம் ஒரு பண்ணையில் சமையல்காரியாக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவாள். அந்த வருடம் பண்ணையை மரக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், வேலை போய் வீட்டோடு வந்துவிட்டாள். அதனால்தான் அந்தச் சாக்கு அவள் கண்ணில் பட்டது. முந்தைய வருடங்களில் பட்டதில்லை.

"என்ன கிழவா இது, மூட்டை?" என்றாள், காய்ந்த கொழுப்பில் மாவைப் போட்டுக்கொண்டே. அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அதேமார் மாதே தேநீர்க் குடுவையை என் கையில் கொடுத்துவிட்டு, "குண்டனோட வால் முடி," என்றான்.

"அதை எதுக்கு வெட்டுன?"

"மேய்ச்சலுக்குப் போகுதுல்ல. அங்க முள்ளு ஒட்டுமாம்."

ஸுல்மா திரும்பினாள். கையில் கரண்டி.

"டிசம்பர் மாசத்துல மேய்ச்சலுக்குப் போற குதிரைக்கு வாலை வெட்டுனியா?"

"அவர் சொன்னாரு."

"அவர் சொல்வாரு. உனக்கு எங்க போச்சு புத்தி? வெயில் காலத்துல வெட்டவெளியில ஈ மொய்க்கும், அது எதை வச்சு ஓட்டும்? உன் தொப்பிய வாங்கிக்கிட்டா?"

"முள்ளு…"

"முள்ளு ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது! முள்ளால எந்தக் குதிரையாவது செத்துருக்கா? எங்க பண்ணையில குதிரை வாலை எப்ப வெட்டுவாங்க தெரியுமா உனக்கு?"

"கத்தாத. எர்சிலியா உக்காந்திருக்காங்க," என்று என்னைக் காட்டினான்.

"உக்காரட்டும், அவங்களும் கேக்கட்டும். கசாப்புக்கூடத்துக்கு ஏத்துற அன்னைக்குத்தான் வெட்டுவாங்க. அவன் எடை போட்டு எடுப்பான், முடிக்குன்னு தனியா ஒண்ணும் தரமாட்டான். அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே வெட்டி வச்சுக்கிட்டு பிரஷ் பண்றவனுக்கு வித்துடுவாங்க. இது அடுப்படியில இருந்த எனக்கே தெரியும். குதிரை கூடவே கிடக்குற உனக்குத் தெரியல?"

அதேமார் சிரிக்கப் பார்த்தான். "அட போ கிழவி. எப்பவும் இப்படித்தான் வெட்டி அனுப்புறோம். லூசேரோவுக்கு வெட்டுனேன். கலாந்திரியாவுக்கு வெட்டுனேன். மோரோவுக்கு…"

அங்கே நின்றுவிட்டான். அடுப்பில் மாவு கருகிற்று. எடுக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

"யாரு லாரியில ஏத்துனா?" ஸுல்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான்தான். வேற யார் இழுத்தாலும் ஏறாதுங்க. நான் முன்னால ஏறி நின்னு கூப்பிடுவேன். பின்னாலயே வந்துரும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அதேமார்மேல் இல்லை. அவன் முட்டாளும் இல்லை. நல்லதை நம்பினான், அவ்வளவுதான். அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர்கள்மேல்தான் எரிச்சல். சம்பளத்துக்குள் அந்த வேலையையும் சேர்த்துவிட்டார்கள், அவனுக்கே சொல்லாமல்.

"ஒருவேளை நிசமாவே பண்ணை இருக்கலாம்," என்றான் அவன், யாரிடமோ கெஞ்சுவது போல.

"இருக்கட்டும். போய்க் கேளு. ரோடு எது, பேர் என்ன, நான் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் லூசேரோவப் பாக்கணும்னு கேளு."

"கேட்டா வேலை போயிரும் ஸுல்மா. வேலை போனா இந்த ரெண்டு ரூமும் போயிரும். அம்பத்தெட்டு வயசுல எங்க போறது?"

"அதுக்கு என்ன வயசு?"

"எதுக்கு?"

"குண்டனுக்கு."

"பதினொண்ணு."

"அது எங்க போகும்?"

அதேமார் எழுந்தான். மழையில் நனைந்துகொண்டே லாயத்துக்குப் போனான். தோன் எல்பியோவிடம் கேட்கவும் இல்லை அவன். நாளை நாளை என்று வியாழக்கிழமை வந்துவிட்டது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீடு போனால் என்ன என்று ஊரில் வீடு வைத்திருப்பவர்கள்தான் வீரமாகப் பேசுவார்கள்.

வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி வந்து நின்றது. ஓட்டுநர் பீரிஸ் பக்கத்து ஊர்க்காரன், நல்லவனுமில்லை கெட்டவனுமில்லை. லாரிக்குள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு குதிரைகள். பால்வண்டி இழுத்துத் தோள் தேய்ந்த ஒரு வெள்ளைப் பெட்டை, ஒரு கண் போன கறுப்பு, இன்னும் சில. ஒன்றுக்கும் வாலில் முடி இல்லை. மொட்டை வாலை ஆட்டி ஆட்டி ஈயை ஓட்ட முடியாமல் தோலைச் சிலிர்த்துக்கொண்டிருந்தன. தெருவில் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள், ஜெயித்த குதிரையை வழியனுப்ப. ஒருத்தி பூகூடக் கொண்டுவந்திருந்தாள், பாவம்.

ஸுல்மா நேராக லாரிக்காரனிடம் போனாள்.

"பீரிஸ், எந்த மேய்ச்சலுக்கய்யா போற?"

பீரிஸ் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். "மேய்ச்சலா? என்னம்மா கிண்டலா? நான் கசாப்புக்கூடத்துக்குத்தான் ஓட்டுறேன். பன்னெண்டு வருஷமா அந்த ஒரு ரோடுதான்."

தோன் எல்பியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பீரிஸ், நீ உன் வேலையப் பாரு. அதேமார், ஏத்து."

அதேமார் நகரவில்லை. பீரிஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தான். குண்டன் பலகையில் குளம்பை வைத்துவிட்டுப் பின்வாங்கியது. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். நொண்டிக் காலில் பாரம் விழுந்ததும் அது போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. பீரிஸ் மின்சாரக் குச்சியை எடுத்தான்.

"அதை அதுமேல வச்ச, அடுத்து உன்மேலதான் வைப்பேன்," என்றாள் ஸுல்மா. பீரிஸ் குச்சியைக் கீழே போட்டான்.

"அதேமார்!" தோன் எல்பியோ கத்தினார். "எதுக்கு அதைப் போட்டு வதைக்கணும்? நீ கூப்பிட்டா ஏறிரும்ல? கூப்பிடேன்!"

"நீங்க கூப்பிடுங்க," என்றான் அதேமார்.

"என்னது?"

"உங்க குதிரைதானே தோன் எல்பியோ. நீங்க கூப்பிடுங்க. வரும்."

ஊர் முழுக்கப் பார்க்கிறது, அவர் என்ன செய்வார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாம்பெரோ! வா, பாம்பெரோ!" என்றார். குதிரை காதைக்கூடத் திருப்பவில்லை. மறுபடி கூப்பிட்டார், கையைத் தட்டினார், விரலைச் சொடுக்கினார். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிங்கடா, சிரிங்க!" என்று திரும்பினார் அவர். "ஓடாத குதிரைக்குப் பதினஞ்சு வருஷம் தீனி யாரு போடுறது? நீ போடுறியா? நீ? கோப்பை வேணும், ஊருக்குப் பேர் வேணும், தீவனத்துக்கு வசூலுக்கு வந்தா கதவைச் சாத்திக்கிறீங்க. நான் ஒருத்தன்தான் கெட்டவனா? அதெல்லாம் மிருகம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் மாடு சுட்டுத் தின்னுறோம்ல, அப்ப எங்க போச்சு இந்தக் கண்ணீர்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. ஸுல்மாதான் திறந்தாள்.

"தின்னுறோம். இல்லைன்னு சொல்லல. ஆனா மாட்டுமேல ஏறி நான் தொண்ணூறு கிலோமீட்டர் சவாரி போகல. ஜெயிச்சதும் அது கழுத்தைக் கட்டிக்கிட்டுப் படம் எடுக்கல. நீதான் எங்க ஊரோட பெருமைன்னு மைக்குல சொல்லல. நீங்க சொன்னீங்க. பணம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கணும், சேர்ந்து ஏதாவது பண்ணியிருப்போம். மேய்ச்சல்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் உங்களைச் செருப்பால அடிக்கணும்."

"ஸுல்மா, நாக்கை அடக்கு! இருக்கிறது என் கூரை…"

"வாலையும் என் கையால வெட்ட வச்சீங்க," என்றான் அதேமார். சத்தமே இல்லாமல்தான் ஆரம்பித்தான். பிறகு குரல் ஏறிற்று. நான் அவன் கத்திக் கேட்டது அந்த ஒரு தரம்தான். "நான் கூப்பிட்டேன், ஏறுச்சுங்க. நல்ல இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்னு நம்பி ஏறுச்சுங்க. லூசேரோ என் சட்டைப் பையில மூக்கை விட்டுக்கிட்டே ஏறுச்சு, கேரட் இருக்கான்னு. என்னை வச்சு ஏமாத்தியிருக்கீங்க! அதுங்களை ஏமாத்த என் குரலை வாடகைக்கு எடுத்திருக்கீங்க!"

"சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணு," என்றார் தோன் எல்பியோ.

"குதிரை?"

"அந்த நொண்டியையும் ஓட்டிக்கிட்டு ஒழி!"

கோபத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முழுங்கப் பார்த்தார். பீரிஸ் லாரிக் கதவைத் தாழிட்டுவிட்டு, "சொல்லிட்டீங்க தோன் எல்பியோ, ஊரே கேட்டுச்சு," என்று ஏறிக்கொண்டான். அதற்காக அவனை நான் மெச்ச மாட்டேன். மற்றவற்றை ஏற்றிக்கொண்டு அவன் அதே ரோட்டில்தான் போனான். அந்தப் பால்வண்டிப் பெட்டைக்காக அங்கே யாரும் கத்தவில்லை.

என் கடைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம், ஒரு தகரக் கொட்டகை. குண்டனையும் கூட்டிக்கொண்டு இருவரும் அங்கே குடிவந்தார்கள். அதேமார் மரம் அறுக்கும் பட்டறைக்குப் போனான். மாலையில் மரத்தூளோடு வந்து நேரே அந்தக் காலைத்தான் தடவுவான். ஸுல்மா பணியாரம் சுட்டுப் பேருந்து நிறுத்தத்தில் விற்றாள். கொட்டகை கோடையில் வேகும், மழையில் ஒழுகும். ஈக்காலம் முழுதும் ஸுல்மா பழைய கோணிகளைக் கிழித்துத் தைத்துக் குதிரையின் முதுகில் போட்டுவைத்தாள். தெருவில் போகிற பெண்கள் கேட்பார்கள்: "இன்னும் பதினஞ்சு வருஷம் தின்னுமே ஸுல்மா?"

"தின்னட்டும். அதுக்குத்தானே கொண்டு வந்தோம்," என்பாள். "உன் புருஷன் தின்னலயா, அவன் எந்தப் பந்தயத்துல ஜெயிச்சான்?"

ஏப்ரலில் மறுபடி பந்தயம். லாயத்துக்குப் புதுக் குதிரை வந்தது, புது ஆளும் வந்தான். வேலைக்கு ஆளா கிடைக்காது. விடிந்ததும் ஊரே புறப்பாட்டுக் கோட்டில் கூடியது. அதேமார் வரமாட்டான் என்று நினைத்தேன். ஸுல்மாவோடு வந்து கம்பி வேலியோரம் நின்றான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான்.

புறப்படுமுன் கிளப்பின் பழைய குதிரைகளை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வணங்குவது எங்கள் ஊர் வழக்கம். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். தோன் எல்பியோதான் மைக்கைப் பிடித்தார். அவ்வளவு நடந்தும் அந்த மனிதருக்குக் கூசவில்லை. ஊருக்கும் கூசவில்லை.

"வடக்கே பச்சை மேய்ச்சலில் ஓய்வெடுக்கும் எங்கள் லூசேரோ!" என்றார். கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் வேலியோரத்திலிருந்து அதேமார் சொன்னான்:

"அறுத்துட்டாங்க."

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் மணி சொல்வது போலச் சொன்னான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கள் கலாந்திரியா!" என்றார் தோன் எல்பியோ, சற்று வேகமாக. தட்டினார்கள், முன்னைவிடக் குறைவாக.

"அறுத்துட்டாங்க."

"எங்கள் மோரோ!"

"அறுத்துட்டாங்க."

"சிமரோன்!" இப்போது முன்வரிசையில் சிலர் மட்டும்தான் தட்டினார்கள். ஒரு காவலர் அதேமாரை நோக்கி இரண்டடி வைத்துவிட்டு, எதற்காகப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"அறுத்துட்டாங்க."

தோன் எல்பியோ கையிலிருந்த தாளைப் பார்த்தார். நிறுத்திவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கடைசிப் பெயர் போன வருடம் ஜெயித்த குதிரையுடையது, அதை விட்டால் இன்னும் கேவலம்.

"பாம்பெரோ," என்றார்.

"உசுரோட இருக்கு," என்றான் அதேமார்.

புறப்படக் காத்திருந்த குதிரைகள் மட்டும் கடிவாளத்தை மென்றுகொண்டிருந்தன. ஸுல்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்திருந்த அத்தனை பேரையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"தட்டுங்களேன்," என்றாள். "இத்தனை நேரம் தட்டுனீங்களே. இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, இதுக்குத் தட்டுங்களேன்."

யாரும் தட்டவில்லை.